அஞ்சடியை அடைக்காதீர்கள்

சிறு தோட்டக்காரர்கள் பலர் வீட்டின் முன் உள்ள அஞ்சடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள். அல்லது சுவர் எழுப்பி இன்னோர் அறையாக்கி விடுகிறார்கள். பிள்ளைகள் வளரும்போது அறை தேவைதான். ஆனால் அதைப் பின்பக்கம் கட்டுவதே நல்லது என்பேன். நிழல், காற்றோட்டம், மழை படாத தரை ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் தோட்டத்தில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

முதலில் அறுவடையைப் பார்ப்போம். பறித்த கீரையும் பயற்றங்காயும் தொடர்ந்து சுவாசிக்கின்றன. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். லோரி வரும்வரை வெயிலில் கிடக்கும் கீரை, பாசாரைச் சேருமுன்பே வாடிவிடும். வறண்ட நாடுகளில் ஈரச்சாக்கு போர்த்திக் குளிர வைப்பார்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். நீர் மெதுவாகவே ஆவியாகும். அந்த உத்தி இங்கே அவ்வளவாக எடுபடாது. குளிரறை இல்லாதவருக்கு நிழலே முதல் துணை.

அடுத்தது விதை. ஈரமான வெண்டை, மிளகாய் விதைகளைச் சுடும் சிமெண்டுத் தரையில் பரப்பினால் முளைப்புத்திறன் கெடும். அஞ்சடியில் வலைத்தட்டில் உலர்த்தலாம். விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தால் அதைச் சேமிக்கும் காலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் வழங்கும் கணக்கு. உலர்ந்ததும் காற்றுப் புகாத போத்தலில் அடைக்க வேண்டும். இல்லையேல் ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். கலப்பினச் செடியின் விதை தாய்ச்செடியைப் போல் வராது என்பதால், நாட்டு ரகங்களுக்கே இந்த உழைப்பு தகும்.

அஞ்சடியின் கூரையும் பயன் தரும். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 360 லிட்டர். சிந்துவது போகப் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். தொட்டியை மட்டும் நெருக்கமான வலையால் மூட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட 7 முதல் 10 நாள் போதும்.

சுவர் எழுப்புமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடியது. சம எடையுள்ள இரண்டு கீரைக் கட்டுகளில் ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை அஞ்சடியிலும் 2 மணி நேரம் வைத்து, மறுபடி நிறுத்துப் பாருங்கள். கீரையை எடை போட்டுத்தானே விற்கிறோம்? வெயிலில் குறைந்த ஒவ்வொரு கிராமும் உங்கள் பணம்.