இங்கிலாந்தில் வீடற்றோரும் ஸ்தல ஸ்தாபனங்களும்

செல்வத்துக்குப் பெயர்போன இங்கிலாந்தில், 2024-ம் வருஷம் ஜூன் மாத முடிவில், சொந்த வீடோ வாடகை வீடோ இன்றி, ஸ்தல ஸ்தாபனங்கள் அமர்த்திக் கொடுத்த தற்காலிக ஜாகைகளில் காலங்கழித்த குடித்தனங்கள் 1,23,000-க்கு மேல். அவற்றில் வளர்ந்த குழந்தைகள் ஒன்றரை லட்சத்துக்கு அதிகம். இத்தகைய தற்காலிக ஜாகைகளுக்காக 2023-24-ல் அந்நாட்டுக் கவுன்சில்கள் கொடுத்த தொகை சுமார் 230 கோடி பவுன். இவ்வளவு பணமும் வீடிழந்த பின்னர் செலவிட்ட பணம். வீடிழக்காமல் தடுக்கச் செலவிட்டு வந்த பணம் என்னவாயிற்று என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

2003-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டுச் சர்க்கார் ‘ஸப்போர்ட்டிங் பீப்பிள்’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. முதல் வருஷ மானியம் சுமார் 180 கோடி பவுன். இத்திட்டம் வீடு கட்டித் தருவதன்று. இருக்கிற வீட்டில் மனிதனை நிலைக்கச் செய்வது. வாடகை பாக்கி விழுந்தவனுக்காக வீட்டுக்காரரிடம் பேசி, உதவித்தொகை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க ஓர் ஊழியர் வருவார். சிறையிலிருந்து விடுதலையானவர், சித்தப்பிரமையால் வருந்துபவர், கணவனின் அடிக்கு அஞ்சி ஓடிவந்த ஸ்திரீ, தனித்திருக்கும் கிழவர் ஆகியோரில் சுமார் பத்து லட்சம் பேர் இத்திட்டத்தால் ஆதரவு பெற்றனர். இந்தப் பணத்தை இக்காரியத்துக்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

2009 ஏப்ரலில் அந்நிபந்தனை எடுக்கப்பட்டது. சர்க்கார் ஏற்பாட்டின் பேரிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி, வருஷந்தோறும் செலவாகும் 161 கோடி பவுனால், செலவு போக, 341 கோடி பவுன் லாபம் கிடைக்கிறது என்று அதே வருஷத்தில் தெரிவித்தது! ஆஸ்பத்திரிச் செலவும் சிறைச் செலவும் ஜாகைச் செலவும் குறைவதால் வரும் லாபம் அது. லாபத்தைக் கணக்கிட்ட கையே காவலையும் நீக்கியது விசித்திரந்தான். 2010-ல் பதவிக்கு வந்த கூட்டு மந்திரி சபை ஸ்தல ஸ்தாபனங்களின் மானியத்தை வெட்டத் தொடங்கியதும், காவலற்ற இந்தச் செலவே முதலில் அடிபட்டது. அந்நாட்டுத் தேசீயத் தணிக்கை ஆபீஸ் 2017-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இவ்வினச் செலவு 59 சதவீதம் குறைந்துவிட்டது.

கவுன்சில் அங்கத்தினர்களைக் கல்நெஞ்சர் என்று ஏசுவதில் பயனில்லை. சட்டம் பயின்றவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ‘செய்ய வேண்டும்’ என்று சட்டம் சொல்லும் காரியம் ஒன்று. ‘செய்யலாம்’ என்று விடும் காரியம் வேறு. வீடற்றவருக்கு, உரிய தகுதிகள் இருப்பின், இருப்பிடம் தேடித்தர வேண்டுமென்பதை 1977-ம் வருஷத்துச் சட்டம் கடமையாக்கியது. 2018 ஏப்ரலில் அமுலுக்கு வந்த சட்டம், 56 நாட்களுக்குள் வீடிழக்கும் அபாயத்திலிருப்பவரைக் காப்பதையும் கடமையாக்கிற்று. நல்லதே. ஆனால் 56 நாட்களுக்கு முன், பாக்கி ஒரு மாதமாயிருந்தபோது, கதவைத் தட்டி விசாரித்திருக்க வேண்டிய ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கும்படி எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. பணம் குறைந்த கவுன்சில் எதைக் கைவிடும்? கைவிட்டால் கோர்ட்டுக்கு இழுக்கப்படாத காரியத்தையே கைவிடும்.

இரண்டு அடுக்கு நிர்வாகம் உள்ள பிரதேசங்களில் நிலைமை இன்னும் மோசம். ஆதரவுச் சேவைக்கான பணம் மேலடுக்கான கவுண்டி சபையின் கையில். வீடற்றவருக்கு ஜாகை தரும் கடமை கீழடுக்கான டிஸ்டிரிக்டு சபையின் தலையில். மிச்சம் ஒருவருக்கு, நஷ்டம் மற்றொருவருக்கு. கடற்கரைப் பட்டணமாகிய ஈஸ்ட்போர்ன், வசூலாகும் கவுன்சில் வரியில் ஒவ்வொரு பவுனிலும் 49 பென்ஸைத் தற்காலிக ஜாகைக்கே கொடுப்பதாக 2023-ல் முறையிட்டது. ஜாகைக்காகக் கவுன்சிலுக்கு மத்திய சர்க்கார் ஈடு செய்யும் தொகை 2011 ஜனவரி வாடகை விகிதத்தில் 90 சதவீதத்துக்கு மேற்படாது என்பது பழைய ஏற்பாடு. மீதியை ஊர் வரிதான் தாங்கவேண்டும். இதே ஈஸ்ட்போர்னுக்கு மேலடுக்கான ஈஸ்ட் ஸஸெக்ஸ் கவுண்டி சபை, 2024 இறுதியில், வீடுதேடிச் சென்று உதவும் சேவையைப் பெரிதும் சுருக்க யோசனை வெளியிட்டது. வயோதிகர் பராமரிப்பும் குழந்தைகள் பராமரிப்பும் சட்டக் கடமைகள். அவை தன் வருமானத்தை விழுங்குகின்றன என்பது கவுண்டியின் சமாதானம். அது பொய்யன்று.

வீடுகளே இல்லாதபோது ஆதரவு ஊழியர் என்ன செய்வார் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது. 1980-ம் வருஷத்துச் சட்டத்தின் பயனாக, இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபது லட்சம் பொது வீடுகள், குடியிருந்தவர்க்கே விற்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாகக் கட்டியவை மிகக் குறைவு. இக்குறையை ஊழியரால் தீர்க்க முடியாது. எனினும் ஒருவன் இழந்த வாடகை வீட்டுக்குப் பதிலாக இன்னொன்று அகப்படாத ஊரில், இருப்பதைக் காப்பாற்றிக் கொடுப்பவரின் அவசியம் அதிகமாகுமே ஒழியக் குறையாது.

2025-26-க்கான வீடிழப்புத் தடுப்பு மானியம் சுமார் 63 கோடி பவுனில், 49 சதவீதத்தை ஜாகை வாடகைக்குத் திருப்பாமல் தடுப்பு, மீட்பு வேலைகளுக்கும் அதற்கான ஊழியருக்குமே செலவிட வேண்டுமென்று சர்க்கார் நிபந்தனை விதித்தது. 2009-ல் பிடுங்கிய வேலியில் ஒரு பகுதி மறுபடி நடப்பட்டது என்று சொல்லலாம். ஆனால் இப்பணம் ஜாகைக் கடமையுள்ள சபைகளுக்கே சேர்ந்தது. கவுண்டிகளின் கையிலிருந்த பழைய ஆதரவுச் சேவைகளை இந்நிபந்தனை காக்கவில்லை. இரண்டு அடுக்குகளையும் ஒன்றாக்கப் போவதாக 2024 டிசம்பரில் வெளியான சர்க்கார் வெள்ளை அறிக்கை தெரிவித்தது. பணப்பை ஒன்றானால் போதுமென்று நம்புகிறவர்கள் லண்டனைப் பார்க்கட்டும். அங்குள்ள பரோ சபைகளுக்கு மேல் கவுண்டி கிடையாது, பை ஒன்றே. ஆயினும் தற்காலிக ஜாகைக்காக அவை நாளொன்றுக்கு 40 லட்சம் பவுன் செலவிடுவதாக, அச்சபைகளின் சங்கம் 2024-ல் கணக்குக் காட்டியது. ஆதரவுச் சேவை நடத்துவதையும் சட்டத்தில் ‘செய்ய வேண்டும்’ என்று எழுதி, அதற்குரிய மானியத்தையும் உடன் சேர்த்துக் கொடுக்கும் மசோதாவே அங்கே இப்போது தேவை.