சாகாதவனுக்குக் கருமாதி

திருநெல்வேலிப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் ஒரு வாக்கியம் புழங்குகிறது. "ஃபார்மட் அடிச்சிரலாம் அண்ணாச்சி, எல்லாம் சரியாயிரும்" என்பதுதான் அது. எழுந்திருக்க மறுக்கும் லேப்டாப்பை மேஜைமேல் வைத்த இரண்டாவது நிமிஷத்தில் இந்தத் தீர்ப்பு வந்துவிடும். சரியாகிவிடும் என்பதும் உண்மையே. யந்திரம் புதுமாப்பிள்ளை மாதிரி எழுந்து உட்காரும். அதில் நீங்கள் ஐந்து வருஷமாக எழுதி வைத்தது மட்டும் இருக்காது. வீட்டைப் பெருக்க வந்தவன் குடியிருந்தவர்களையும் சேர்த்துத் தெருவில் தள்ளிவிட்டுக் கூலி கேட்டு நிற்கிற கதை இது. இதை வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

லேப்டாப் எழுந்திருக்கவில்லை என்றால் காரணம் பல இருக்கலாம். சார்ஜர் செத்திருக்கலாம், ராம் என்கிற நினைவுச் சில்லு இடம் நகர்ந்திருக்கலாம், திரை மட்டும் இருண்டிருக்கலாம், விண்டோஸின் துவக்கக் கோப்புகள் கெட்டிருக்கலாம். இவற்றில் எது நேர்ந்தாலும், நீங்கள் எழுதியது ஹார்ட் டிஸ்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அநேக லேப்டாப்புகளில் சில திருகாணிகளைக் கழற்றினால் அதை வெளியே எடுத்து, யு.எஸ்.பி. வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் படித்துவிடலாம். கழற்றாமலே, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைச் செருகி யந்திரத்தை எழுப்பி, உள்ளே உள்ளதைப் பிரதி எடுக்கலாம். தவறி அழித்ததைக்கூட டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் ஓரளவு மீட்டுத் தரும். ஆனால் எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்று ஓர் ஏற்பாடு உண்டு; அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். அங்கே ஃபார்மட் அடித்தபின் பிரம்மதேவன் வந்தாலும் பிரயோசனம் இல்லை.

இந்தப் புத்தி நமக்குப் புதிதல்ல. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடித் தென்பாண்டிச் சீமைக்கு வந்தபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் சுவடிகள் உண்டென்று கேள்விப்பட்டுப் போனார். பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று அங்கே பதில் கிடைத்தது. 'என் சரித்திரம்' நூலில் அவரே இதைச் சொல்லுகிறார். எரித்தவர்களுக்குத் தமிழின்மேல் பகை ஏதுமில்லை, சிரத்தையாகத்தான் எரித்தார்கள். ஆனால் அதே சீமையில், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில், கவிராயர் வீடுகளில் ஏடுகள் பிழைத்துக் கிடந்தன. ஓலை செல்லரிக்கும் முன்பே அடுத்த ஓலையில் பெயர்த்தெழுதிய கைகளால்தான் சங்க நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. ஓலை போகும், எழுத்து போகக்கூடாது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தண்ணீரில் மிதந்தன. பத்திரமும் பாடப் புத்தகமும் போனது போலவே லேப்டாப்புகளும் சேற்றில் ஊறின. ஏரல் பக்கத்துப் பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுடைய லேப்டாப்பில் இறந்துபோன தாத்தாவின் வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு இருந்தது. வேறு பிரதி கிடையாது. ஒரு கடையில் யந்திரத்தைக் காயவைத்துப் பார்த்துவிட்டு, வழக்கமான அந்த வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். அவள் சம்மதிக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேறொரு பையன் எஸ்.எஸ்.டி.யைத் தனியே கழற்றிச் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டுப் படித்தான். தாத்தா பாடினார். முதல் கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் கிழவர் இரண்டாம் முறை செத்திருப்பார்.

"நகல் எடுக்க நேரமாகும், அதற்குக் கூலி கேட்டால் ஜனங்கள் தருவதில்லை" என்று கடைக்காரர்கள் சொல்லுகிறார்கள். நியாயமான பேச்சு. யந்திரத்துக்குப் பல்லாயிரம் கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் காப்பாற்றக் கேட்கும் கூலிக்குப் பேரம் பேசுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அதற்காக, கேட்காமல் அழிக்க யாருக்கும் உரிமை வந்துவிடாது.

பெரிய கம்பெனிகளின் அக்கிரமம் இதைவிடப் பெரிது. மெலிவு அழகு என்று சொல்லி, எஸ்.எஸ்.டி.யை மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். போர்டு போனால் எழுத்தும் போச்சு. புது விண்டோஸ் யந்திரங்கள் பலவற்றில் கோப்புகள் தானாகவே பூட்டிக்கொள்ளுகின்றன. திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே உடையவருக்குத் தெரியாது. பழுது பார்க்கக் கொடுத்தாலோ, உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் அச்சடித்து நீட்டுகிறார்கள். பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய மத்திய அரசு 2022-இல் ஒரு குழு அமைத்தது. நல்லது. அந்த உரிமை யந்திரத்தோடு நின்றுவிட்டால் போதாது; எழுத்துக்கும் வேண்டும்.

நான் கேட்பது சின்னக் காரியம். ஒவ்வொரு கடை வாசலிலும் "முதலில் நகல், பிறகு பழுது" என்று எழுதி மாட்டட்டும். அதைக் கேட்டு வாங்காமல் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வருகிறவர், கரிவலம்வந்தநல்லூர் ஹோமத்துக்குத் தம் செலவில் நெய் வார்க்கிறார்.