மோதிரத்தில் எந்த அன்பு?



திருமண ஆயத்த வகுப்புக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், மோதிரத்தின் உட்புறத்தில் பொறிப்பதற்காக ஆங்கிலத்தின் 'லவ்' என்ற சொல்லை இலத்தீனில் எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார். ஒரு நிமிட வேலை என்றே எண்ணியிருப்பார். தேநீர், தாய், கடவுள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் அந்த ஒரு சொல்லைத் தாராளமாக வழங்கிவிடுகிறது. இலத்தீனோ, எந்த அன்பு என்று முதலில் கேட்கும்.

இயல்பாக எழும் பாசமும் காதலும் 'அமோர்'. தெரிந்தெடுத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது 'திலெக்சியோ'. பலருள் ஒருவரைத் தேர்ந்து போற்றும் அன்பு அது. யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் மும்முறை கேட்கிறார் அல்லவா? வுல்காத்தா எனும் இலத்தீன் விவிலியத்தில் முதல் இரு கேள்விகளிலும் திலெக்சியோவின் வினைச்சொல் வருகிறது. பேதுருவோ மூன்று முறையும் அமோரின் வினையாலேயே மறுமொழி கூறுகிறார். மூன்றாம் கேள்வியில் ஆண்டவரே சீடனின் சொல்லுக்கு இறங்கி வருகிறார். இதை வைத்து நீண்ட மறையுரை ஆற்ற விரும்பும் என்போன்ற குருக்களுக்குப் புனித அகுஸ்தீனார் ஒரு தடை வைத்திருக்கிறார். தமது 'கடவுளின் நகரம்' 14ஆம் நூலில் இதே பகுதியைக் காட்டி, இரு சொற்களும் ஒன்றையே குறிக்கும் என்கிறார்!

மூன்றாவது சொல் 'கரித்தாஸ்'. கடவுளே அன்பு என யோவான் தம் முதல் திருமுகத்தில் கூறுமிடத்தில் இலத்தீன் இதையே ஆள்கிறது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005இல் கையொப்பமிட்ட தம் முதல் சுற்றுமடலின் பெயரிலும் இது உண்டு. கரித்தாஸ் என்றதும் நம் நாட்டில் நிவாரணப் பணியே நினைவுக்கு வரும். ஆனால் பழைய உரோமையர் தானியம் விலையேறியபோதும் இச்சொல்லையே சொன்னார்கள். 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நமக்கு அந்தப் பொருள் விளங்காமற் போகாது. விலை கூடியது, எளிதிற் கிட்டாதது, ஆகவே நெஞ்சுக்கு நெருக்கமானது. தமிழின் 'அருமை'யும் இத்தகையதே. கிடைத்தற்கு அரியதும் அருமை. பெற்ற மகளும் அருமை மகள்.

மூன்றையும் விளக்கிவிட்டு, கரித்தாஸ் என்றே எழுதிக் கொடுத்தேன். காதலர்க்கு அமோர் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அது அவரிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. மணமாகிப் பத்தாண்டுகளின் பின் பங்குமனைக் கதவைத் தட்டும் தம்பதியர் சிலர், அமோர் தீர்ந்துபோயிற்று என்றே முறையிடுகின்றனர். அந்த அன்புக்காகத் தாம் இருவரும் கொடுத்த விலை அவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை: ஒருவர் வெளிநாட்டில் தனியே உழைத்த ஆண்டுகள், மற்றவர் பிள்ளையோடு மருத்துவமனையில் விழித்திருந்த இரவுகள்.

இளைஞர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு எழுத்து வருகுதே, சுவாமி. அமோர் எண்டால் நாலோட முடிஞ்சிடும்" என்றார்.

பொற்கொல்லரிடம் கேட்டுப் பார்க்கும்படி அனுப்பிவைத்தேன்.