நடவாவிக் கிணறும் நான்கு கம்பெனிகளும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஐயங்கார்குளம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெரிய ஏரியும், அதனருகே சஞ்சீவிராயர் கோயிலும் உள்ள ஊர். கோயிலை அடுத்துப் பூமிக்குள் ஒரு கிணறு. படிகளில் நடந்தே இறங்கலாமாதலால் அதற்கு நடவாவிக் கிணறு என்று பெயர். உள்ளே கிணற்றைச் சுற்றிலும் கல்தூண்கள் தாங்கும் மண்டபம். சித்ரா பௌர்ணமிக்கு முன் தண்ணீரை இறைத்துவிட்டு, காஞ்சி வரதராஜப் பெருமாளை அந்த மண்டபத்தில் எழுந்தருளச் செய்வார்கள்.

இன்று நாம் எழுத உத்தேசித்தது திருவிழாவைப் பற்றியன்று; இன்டர்நெட்டைப் பற்றி. ஆயினும் அந்தக் கிணற்றை நினைக்கும்போது ஒன்று தோன்றுகிறது. ஊருக்கு நல்ல தண்ணீர் வேண்டுமானால் நாலு பேர் பக்கம் பக்கமாக நாலு கிணறு வெட்டிப் போட்டி போடவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கிணற்றை ஆழமாக வெட்டிப் படியும் கட்டிவிட்டால் போதும். அப்புறம் எழுகிற கேள்வி ஒன்றுதான்: அதில் யார் யார் இறங்கலாம்? இந்தக் கேள்விக்காகத்தான் 1927-ம் வருஷத்தில் டாக்டர் அம்பேத்கர் மஹாத் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கான ஜனங்களுடன் சென்று, சவதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாக முனிசிபாலிடி முன்னரே தீர்மானம் செய்திருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்தின் படி சிலரிடமே இருந்தது.

தகவல் செல்லும் கம்பியும் கிணற்றைப் போன்றதே. வீதியைத் தோண்டிக் கண்ணாடி இழைக் கம்பியைப் புதைப்பதற்குத்தான் பெருஞ்செலவு. புதைத்த பிறகு அதில் ஒரு கம்பெனியின் சரக்கும் போகலாம், பத்துக் கம்பெனிகளின் சரக்கும் போகலாம். நம் தேசத்தில் பிராட்பேண்ட் சரித்திரம் முழுவதும், கம்பிக்குச் சொந்தக்காரர் பிறருக்கு வழிவிடுவாரா என்ற வழக்காகவே நடந்து வந்திருக்கிறது.

1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற சர்க்கார் கம்பெனி பொதுஜனங்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. மூன்று வருஷம் அதற்கே ஏகபோகம். 1998-ல்தான் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. இதற்கிடையில், 1997-ல், போட்டியை மேற்பார்வையிட டிராய் என்னும் ஆணையம் பிறந்தது. அந்த ஆணையம் 2004-ம் வருஷத்தில் மிகவும் நல்ல யோசனை ஒன்று சொல்லிற்று. வீடுகளுக்குள் ஏற்கெனவே சென்றிருக்கும் டெலிபோன் செப்புக் கம்பியை, நியாயமான வாடகைக்கு மற்றக் கம்பெனிகளுக்கும் விடவேண்டும் என்பதே அது. கம்பிகளில் பெரும்பகுதி பி.எஸ்.என்.எல். வசம் இருந்தது. சர்க்கார் அவ்வருஷம் வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கையோ, 'கம்பெனிகள் பரஸ்பரம் பேசி முடிவு செய்துகொள்ளலாம்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. பூட்டிய வீட்டின் சாவியை வைத்திருப்பவரிடம், வாசலில் நிற்பவருடன் பரஸ்பரம் பேசிக்கொள்ளச் சொன்னால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. 2010-க்குள் இரண்டு கோடிச் சந்தாதாரர் என்று லட்சியம் வைத்திருந்தார்கள். அதில் பாதியை ஒட்டித்தான் சேர்ந்தது. பிரான்சு தேசத்தில் அதே காலத்தில் கம்பியைக் கட்டாயமாகப் பங்கிடச் செய்ததால், 'ஃப்ரீ' என்ற புதுக் கம்பெனி முளைத்து விலையை இறக்கிவிட்டது. நாம் அந்தச் சந்தர்ப்பத்தைத் தவறவிட்டோம். அப்புறம் செல்போன் வந்தது. செப்புக் கம்பியைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டது.

2016-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ கம்பெனி சந்தைக்கு வந்த கதை நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். மறு வருஷம் மார்ச் கடைசி வரையில் எல்லாம் இலவசம். தன் சந்தாதாரர்கள் பேசுவதற்குப் பழைய கம்பெனிகள் போதிய இணைப்பு தரவில்லை என்று ஜியோ புகார் செய்தது. டிராய் அம்மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்குமாறு சிபாரிசு செய்தது. இந்தப் பக்கம் பாரதி ஏர்டெல், 'அடக்க விலைக்குக் கீழே கொடுத்து எங்களை ஒழிக்கப் பார்க்கிறார்கள்' என்று போட்டி ஆணையத்திடம் போயிற்று. ஜியோ அப்போது சந்தையில் ஆதிக்கமுள்ள கம்பெனியன்று என்று கூறி, 2017 ஜூனில் ஆணையம் அதைத் தள்ளிவிட்டது. இரண்டு புகார்களிலும் விஷயம் இருந்தது என்பதே நம் அபிப்பிராயம்.

ஜனங்களுக்கு இதனால் நன்மை விளைந்ததா என்றால், விளைந்தது. ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு 2014-ல் சராசரியாக 269 ரூபாய் கொடுத்தோம். 2018-ல் 12 ரூபாய்க்கும் குறைவு. நாற்று நடும் பெண்மணியும் கைப்பேசியில் பேரன் முகம் பார்க்க முடிந்தது இதனால்தான். இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. 1999-ல் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலாயிற்று. அலைவரிசை மறைந்துபோனதால், எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டிய குறிச்சொல்லைக்கூடப் பெற முடியாமல் தமிழ்நாட்டு ஜனங்கள் கடை வாசல்களில் காத்துக் கிடந்தார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் செல்போன் சேவையை மூடிற்று. டாடாவின் செல்போன் பகுதியும் டெலினாரும் ஏர்டெல்லில் கரைந்தன. வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. எஞ்சியவை மூன்று தனியார் கம்பெனிகளும், சர்க்காரின் பி.எஸ்.என்.எல்.லுமே. 2024 ஜூன் கடைசியில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நாட்களுக்குள் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் திட்டம் 299 ஆயிற்று. அந்த ஜூலையில் மட்டும் 29 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பி.எஸ்.என்.எல்.லில் புதிதாகச் சேர்ந்தார்கள். நாலாவது கடை ஒன்று, எவ்வளவு பழைய கடையாயினும், வீதியில் திறந்திருப்பதன் பிரயோஜனம் இதுதான். 2025 செப்டம்பரில்தான் அது தன் 4ஜி சேவையைத் தேசமெங்கும் முறைப்படி துவக்கியது என்பது வேறு விஷயம்.

28 நாள் என்றோமே, அதையும் சொல்லிவிடுகிறோம். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்றே நாம் படித்திருக்கிறோம். செல்போன் பஞ்சாங்கத்திலோ பதின்மூன்று. முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைத்தே தீரவேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவிட வேண்டியதாயிற்று.

இனிக் கிராமத்துக்கு வருவோம். நம் தேசத்துப் பிராட்பேண்ட் சந்தாதாரர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கே கம்பி வழி இணைப்பு; மற்றவர்களெல்லாம் செல்போனை நம்பியிருப்பவர்கள். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் பாடம் கேட்கவும், தகப்பனார் பட்டுக்கு ஆர்டர் பார்க்கவும் ஒரு கைப்பேசி எங்ஙனம் காணும்? பட்டணத்து வீதியில் மூன்று கம்பெனிகள் மூன்று கம்பி போடுகின்றன, வருமானம் வரும். ஐயங்கார்குளம் போன்ற ஊரில் மூன்று கம்பி போட எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. அங்கே வேண்டியது நடவாவிக் கிணறுதான்.

சர்க்காருக்கு இது தெரியாமலில்லை. 2011-ல் ஒப்புதல் பெற்று, பிற்பாடு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் இரண்டரை லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுபோவதற்காக ஏற்பட்டது. அந்தக் கம்பியை எந்தக் கம்பெனிக்கும் பாரபட்சமின்றி வாடகைக்கு விடவேண்டும் என்பது அதன் ஆதார விதி. பணமும் நம்முடையதே: கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் வசூலித்த நிதி. தமிழ்நாட்டில் 12,500-க்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகளில் இவ்வேலையைச் செய்ய டான்ஃபிநெட் என்ற மாநிலக் கம்பெனி 2018-ல் ஏற்பட்டது. ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் டெண்டர், அதன் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்ற காரணத்தால், மத்திய சர்க்காரின் உத்தரவுப்படி 2020 ஜூனில் ரத்தாயிற்று. போட்டிக்கு வழி திறக்கும் கம்பியைப் போடும் வேலையிலேயே போட்டி போதவில்லை! வருஷங்கள் கழிந்தன. 2023 ஆகஸ்டில் மத்திய மந்திரிசபை 1,39,000 கோடிக்கு மேல் ஒதுக்கித் திட்டத்தைப் புதுப்பித்தது. பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இணைப்புத் தருவதை உள்ளூர்த் தொழில்முனைவோரிடம் ஒப்படைப்பதாகவும் ஏற்பாடு.

இந்தக் கடைசி அரை மைலில்தான் நமக்குக் கவலை. கிராமத்தில் ஒரே ஒருவருக்கு அந்த உரிமை போய், அவர் சொன்னதே விலை என்றாகிவிட்டால், பொதுப் பணத்தில் வெட்டிய கிணற்றுக்குத் தனியார் பூட்டுப் போட்டதாக முடியும். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதலாகாது என்று விதித்திருக்கிறது. கம்பிக்கும் அப்படிக் கணக்குக் கேட்கலாம். இப்போது வருஷத்தில் ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது. நம் பஞ்சாயத்துக்கு வந்த கம்பி வேலை செய்கிறதா, எத்தனை பேருக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, வாடகை விகிதம் என்ன, இரண்டாவது ஒருவர் வந்து கேட்டால் கொடுப்பார்களா என்ற நாலு கேள்விகளை எழுதிக்கொண்டு போய், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லலாம். அடுத்த கூட்டத்துக்குப் போகும் நேயர்கள் என்ன பதில் கிடைத்தது என்று நமக்கு எழுதினால், இப்பகுதியில் சந்தோஷமாக வெளியிடுவோம்.