குழிக்கு ஒரு கைப்பிடி வேம்

தில்லி கிட்வாய் நகருக்கு மேற்கே சில கிலோமீட்டரில், வசந்த் விகாரை ஒட்டி இருக்கிறது ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா. ஒரு காலத்தில் கல்லுக்கும் பதர்பூர் மணலுக்கும் தோண்டிப் போட்ட நிலம். அந்தப் பள்ளங்களில் இன்று பெரணியும் ஆர்க்கிடும் வளர்கின்றன. பார்த்துவிட்டு வரும் நம் துறையினர் மர வகைகளைப் பட்டியல் போடுகிறார்கள். வேரைப் பற்றிப் பேச்சே இல்லை.

சுரங்கம் தோண்டும்போது மேல்மண்ணோடு வேர் உட்பூசணமும் (வேம்) போய்விடுகிறது. மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்தாலும், ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பூசணத்தின் வீரியம் குறையும். உயிருள்ள வேர் இல்லாமல் அது பெருகாது. இது தெரிந்துதான் ஒப்பந்தப்புள்ளியில் 'குழிக்கு இவ்வளவு வேம்' என்று எழுதுகிறோம். வெயில் காயும் தகரக் கொட்டகையில் கிடந்த பாக்கெட்டைப் பிரித்துக் குழியில் தூவியதும் பில் பாஸாகிவிடுகிறது. வேரில் ஏதாவது ஏறியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

வேம் இட வேண்டிய இடம் நாற்றங்கால். பையிலேயே வேரில் ஏறிய பூசணத்தோடு நாற்று குழிக்குப் போனால், வேர் எட்டாத மணிச்சத்தைப் பூசண இழை எட்டிப் பிடிக்கும். ஆனால் அதே நாற்றங்காலில் கன்று தளதளவென்று தெரிய டி.ஏ.பி.யை அள்ளி வைக்கிறோம். மணிச்சத்து மிஞ்சினால் செடிக்குப் பூசணம் தேவைப்படாது, வேர்த்தொற்று குறைந்துவிடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறோம்.

சீமைக் கருவேலுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனாலும் அதன் வேரும் இந்தப் பூசணத்துக்கு இடம் கொடுக்கிறது. ஒரேயடியாகப் பிடுங்கி நிலத்தை மொட்டையாக்கினால் அந்த இடமும் போய்விடும். தில்லி ரிட்ஜ் காட்டில் சூழலியல் பேராசிரியர் சி.ஆர். பாபு சொன்னபடி கிளைகளைக் கழித்து, வெளிச்சம் விட்டு, அடியில் நாட்டு மரங்களை ஏற்றுவது இந்தக் கணக்கிலும் சரியாக வருகிறது.

வேரைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். பொட்டாஷ் காரத்தில் வெளுத்து, டிரிப்பான் நீலத்தில் சாயமேற்றி எண்ண ஒரு சாதாரண நுண்ணோக்கி போதும். நெய்வேலி மூடுமண் மேடுகளிலும் அரியலூர் சுண்ணாம்புக்கல் குழிகளிலும் இந்த மழைக்கு நடப்போகிறவர்கள், ஆறாம் மாத வேர்ச் சோதனைக்குப் பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். முடிவுகளை, தொற்று ஏறாத வேர்கள் உட்பட, இவ்விதழுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.