பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன?

ஐப்பசி பிறந்தால் சென்னைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. மழை பெய்யாவிட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லை. பெய்தாலோ வீட்டுக்குள்ளேயே தண்ணீர்!

2015 டிசம்பர் 1-ந் தேதி ராத்திரியை யார் மறக்க முடியும்? கொட்டித் தீர்த்த மழையும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. கரண்ட் இல்லை. செல்போன் செத்துப் போனது.

முதலில் வந்தது யார்?

மாடி வீட்டுக்காரர் கை கொடுத்துத் தூக்கினார். மீனவர்கள் படகோடு வந்தார்கள். கோவில், மசூதி, சர்ச், கல்யாண மண்டபம் என்று கதவுகள் திறந்தன. முகம் தெரியாத பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமும் இதே கதைதான்.

தண்ணீர் வடிந்தது. சேற்றைக் கழுவினோம். கதவைச் சாத்திக்கொண்டோம்!

"வரி கட்டுறோமே சார், அப்புறம் கார்ப்பரேஷன் எதுக்கு இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தூர் வாருவது அவர்கள் வேலை. அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால், மூன்றாவது வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார், எழுந்து நடக்க முடியாது என்பது கார்ப்பரேஷனுக்குத் தெரியுமா? தெருக்காரனுக்குத்தான் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்!

வாரம் ஒரு மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு மணி நேரம் தெருவுக்குக் கொடுங்கள். சங்கம், லெட்டர்பேடு, தலைவர் நாற்காலி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த வீட்டில் முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை இருக்கிறார்கள், யார் வீட்டு மாடியில் இடம் உண்டு என்று எழுதி வையுங்கள்.

மழைநீர் வடிகால் வாயை அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளை அள்ளிப் போடுங்கள். குழிக்குள் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். உள்ளே அடைப்பு என்றால் 1913-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். ஒருவர் கேட்டால் "பார்க்கிறோம்" என்பார்கள். தெருவே திரண்டு கேட்டால்தான் வண்டி வரும்.

மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தெருவே அத்துப்படி. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மனு எழுத வரும். ரிட்டையர் ஆனவருக்கு நேரம் உண்டு. காலேஜ் பையனுக்குக் கைகால் பலம் உண்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இது புதுசும் அல்ல. 1989-ல் இதே சென்னையில் பிறந்த எக்ஸ்னோரா இயக்கத்தில், தெருவாசிகளே மாதாமாதம் காசு போட்டு, வீடு வீடாகக் குப்பை வாங்க வண்டியோடு ஆள் வைத்தார்கள். நம்மாலும் முடியும்.

"இதுல எனக்கு என்ன லாபம்?" என்கிறீர்களா? ஊருக்குப் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். கடை ஷட்டர் பாதி திறந்து கிடந்தால் சொல்ல ஆள் இருக்கும். நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் ஓடிவர நாலு பேர் இருப்பார்கள். இதைவிட என்ன லாபம் வேண்டும்?

இன்று வேலை முடிந்து வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பெயரைக் கேளுங்கள்.

மழைக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்!