குளக்கரைக் குடியிருப்பு

வவுனியா நகரைச் சூழ்ந்த குடியிருப்புக்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போமாக: வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம், கோவில்குளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம், கூமாங்குளம், நெளுக்குளம். தமிழகத்தின் வடபகுதியில் ஏரி என்று வழங்குவதையும் நாம் குளம் என்றே வழங்குகின்றோம். வன்னியில் குளமின்றேல் ஊரில்லை. ஆதலால் ஊருக்குத் தனிப்பெயர் தேட வேண்டிய தேவை நம் முன்னோர்க்கு எழவில்லை.

பிள்ளைகளை வளர்த்தற்கு இக்குளக்கரை ஊர்களினும் ஏற்ற இடம் வேறில்லை என்பது என் துணிபு. கடைத்தெருவும் புகையிரத நிலையமும் அண்மையில் உள்ளன. அங்ஙனமிருந்தும் மாலைவேளையில் அணைக்கட்டில் ஏறி நின்றால் நீர்மேல் வந்த காற்று முகத்தில் வீசும். கொக்கும் நீர்க்காகமும் மருதமரத்தில் வந்தடையும். கோவில்குளத்துப் பிள்ளைகட்குச் சிவன் கோவில் மணியோசை கேட்கும். வைரவபுளியங்குளத்துப் பிள்ளைகட்குத் தனியார் வகுப்புக்களின் இரைச்சலும் சேர்ந்து கேட்கும். அதனை ஒரு குறையாக நான் கூறேன். 1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்தோரும், 1995இன் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும், முன்னரே இம்மண்ணில் வாழ்ந்தோரும் இன்று ஒரே ஒழுங்கையில் அயலவராய் வாழ்கின்றனர். அயல் என்பதன் பொருளை நூலில் அன்றி வேலியோரத்திற் கற்கும் பிள்ளைகள் இவர்கள்.

இவ்வளவு நலமும் குளம் குளமாக இருக்குமட்டுமே நிலைக்கும். இதனை நம்மிற் பலர் எண்ணுவதில்லை.

குளம் என்பது நீர் நிற்கும் பள்ளம் மாத்திரம் அன்று. நீரைத் தடுக்க அணையும், வயலுக்கு விடத் துருசும், மிகுநீர் கழிய வானும் அதற்கு உண்டு. அணைக்கு எதிர்ப்புறம், நீர் ஏறியும் இறங்கியும் நிற்கும் மென்சரிவான நிலத்தை அலைகரை என்பர். ஆவணியில் அவ்வலைகரை புல்முளைத்த வெறுங்காணியாகத் தோன்றும்; மாடு மேயும்; சிறுவர் பந்தாடுவர். மார்கழியில் அதே இடத்தில் முழங்காலளவு நீர் நிற்கும். ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையிற் பெய்துவிடும் நாட்டில் இஃது இயற்கையே. காணித் தரகர் ஆவணியிற் காட்டுவர். வாங்குவோர் ஆவணியிற் கண்டு மயங்குவர். "குளத்தைப் பார்த்த காணி" என்று விலையுங் கூட்டுவர். பார்த்த காணி அன்று, குளத்துள் நிற்கும் காணி என்பது வீடு கட்டி முடிந்தபின் விளங்கும்.

அலைகரையில் ஒருவர் மண் நிரப்பினால் அந்நீர் மறைந்து போவதில்லை. பக்கத்து வளவுக்குப் போகின்றது. வன்னிக் குளங்கள் தனித்தனி நிற்பனவுமல்ல. மேற்குளம் வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தைச் சேரும். இடையிலுள்ள வாய்க்காலை மறித்து மதில் எழுப்பினால் இரு குளத்து ஊருக்கும் கேடு. இலங்கையின் வரண்ட வலயத்துத் தொடர்குள அமைப்பினை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமையாக ஏற்றது. உலகம் மதித்ததை நாம் வண்டி வண்டியாகக் கிரவல் கொட்டித் தூர்க்கின்றோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாடெங்கும் மழை கொட்டியபோது, நீர் தன் பழைய வழியைத் தேடிச் செல்லும் என்பதை எல்லோரும் கண்டோம்.

"வயலே வீடாய்விட்டது, இனிக் குளம் எதற்கு?" என்று வினவுவோர் உளர். அவர்தம் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கட்டும். பங்குனியிலும் சித்திரையிலும் அக்கிணற்றில் நீர் நிற்பது குளத்து ஊற்றினாலன்றோ? அக்குளத்திற்கே கழிவுவாய்க்காலைத் திருப்பிவிட்டு, கிணற்றுநீர் கெட்டதென்று போத்தல்நீர் வாங்குவது எவ்வகை அறிவோ அறியேன்.

போரினால் எல்லாம் இழந்து, போக்கிடமின்றி அலைகரையிற் குடிசை போட்டவர்மேல் எனக்குச் சினமில்லை. மாற்றுக் காணி கொடாமல் அவர்களை எழுப்புவதை ஒருபோதும் ஏற்கேன். கற்றவரும் பொருளுடையவருமாகிய நம்மவர், கடல்கடந்து உழைத்த பணத்தைக் கொண்டு, அறிந்தும் அங்கே மாடி எழுப்புவதே மனத்தை உறுத்துகின்றது. ஒரு பகுதியைத் தூர்த்துப் பூங்காவாக்கி அழகுபடுத்தலாம் என்னும் யோசனையும் எனக்கு உடன்பாடன்று. குளத்திற்கு அழகு நீர். ஊஞ்சல் அணையின் கீழ்ப்புறத்தும் ஆடும்.

காணி வாங்க எண்ணும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உறுதியைப் பார்ப்பதோடு அமையாது, மார்கழியில் ஒருநாள் சென்று அக்காணியைப் பாருங்கள். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளவை. குளத்தின் எல்லையை அங்கேயும், ஊரிலுள்ள கமக்காரர் அமைப்பிலும் கேட்டறியலாம். கல்லூரியும் வாளாவிருத்தல் ஆகாது. உயர்வகுப்பிற் புவியியல் கற்கும் மாணவர் தத்தம் ஊர்க் குளத்தின் அணை, வான், அலைகரை, வாய்க்கால் ஆகியவற்றை நடந்து பார்த்துப் படம் வரையட்டும். பழைய மாணவர் சங்கம் அப்படங்களை அச்சிட்டு ஊர்தோறும் வழங்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் தொடங்கினால், நீர் ஏறும் எல்லையை இவ்வாண்டே குறித்துவிடலாம்.